இழுப்பு போய் வீசிங் வந்த கதை

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ குழந்தைகள் டாக்டர் ஒருவரின் கிளினிக் வாசலில், மாலை நேரத்தில், அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “இழுப்பெல்லாம் இல்ல டாக்டர், வீசிங்தான்.” மடியில் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழிந்து எழுகிறது. நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது. தமிழில் அதற்குப் பெயர் இழுப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பெயர் வீசிங். இரண்டும் ஒன்றாயிருக்க, ஒன்றை மறுத்து மற்றதை ஒப்புக்கொள்வது எப்படி? அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சிரித்துவிட்டுப் போகலாம். தமிழ் செத்துக்கொண்டிருக்கிறது என்று மேடையில் அழலாம். இரண்டுமே சுலபம், இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. அந்த அம்மா பேசுவது சுத்தமான இலக்கண வழக்கு. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கு என்று ஒன்றை வகுத்து, அதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், ஓலையைத் திருமுகம் என்பதும் மங்கலத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். சொல்லக் கூசும் சொல்லை ஒதுக்கி, காது பொறுக்கும் சொல்லை அதன் இடத்தில் உட்காரவைப்பது. வீசிங் செய்வது அந்த வேலையைத்தான். அது இங்கிலீஷிலிருந்து வந்தது தற்செயல். மங்கலமாக வந்தது தற்செயல் இல்லை.

எந்தச் சொல்லுக்கு அஞ்சி இந்தச் சொல் வந்தது என்று பார்க்க வேண்டும். மூச்சு நோய்க்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. இருமல், இரைப்பு, இளைப்பு, ஈளை, இழுப்பு என்று ‘இ’யிலும் ‘ஈ’யிலும் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அதில் இரைப்பு அழகான சொல். கடல் இரைகிறது என்கிறோம், சந்தை இரைகிறது என்கிறோம். ஓடி வந்த நாய்க்கு மூச்சு இரைக்கிறது. இரைச்சலும் அந்த வேரில் பிறந்ததுதான். காசிமேட்டுக் கரையில் அலைக்கு எந்த வினையோ, அதே கரையில் குடிசைக்குள் படுத்திருக்கும் கிழவரின் நெஞ்சுக்கும் அதே வினை. சித்த வைத்தியர்கள் இரைப்பிருமல், சுவாசகாசம் என்று பெயர் வைத்து, கண்டங்கத்திரி, ஆடாதொடை, தூதுவளை என்று மருந்தும் வைத்தார்கள். ஆனால் வீட்டில் புழங்கிய சொல் இழுப்பு. அதில் சத்தம் இல்லை, உழைப்பு இருக்கிறது. கரைவலை இழுப்பது, தேர் இழுப்பது, பாரவண்டி இழுப்பது. அதே மாதிரி, எளிதில் வராத மூச்சைக் கழுத்து நரம்பு புடைக்க உள்ளே இழுப்பது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் வைத்த பெயர் அது. சிக்கல் எங்கே என்றால், அதே இழுப்புக்குத் தமிழில் இன்னோர் இடமும் உண்டு. கிடையில் கிடக்கும் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், வட சென்னையில் ஒரே ஒரு பதில்: “இழுத்துக்கினு கீது.” அதைக் கேட்டதும் உறவுக்காரர்கள் பஸ் பிடிக்கிறார்கள். இனிமேல் மருந்து பற்றிய பேச்சு இல்லை, பாலூற்றுவது பற்றிய பேச்சுதான். போதாக்குறைக்கு, சில ஊர்களில் கை கால் வெட்டி வரும் வலிப்புக்கும் இழுப்பு என்றே பெயர். இப்படிப்பட்ட சொல்லை மூன்று வயதுக் குழந்தையின் மேல் எந்தத் தாய் போடுவாள்?

மூச்சின் மற்ற சத்தங்களுக்கு இந்தக் கதி வரவில்லை. அவை பெரும்பாலும் அடுத்தவருக்குச் சேதி சொல்லும் சத்தங்கள். பெரியவர் வாசலில் நின்று கனைத்தால் உள்ளே இருப்பவர்கள் சேலையைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுக்கிறார் என்று பொருள். கூட்டத்தில் செருமினால் பேசப்போகிறார். கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். ‘உம்’முக்கும் ‘ம்ஹூம்’முக்கும் உதடு பிரிவதில்லை, மூக்குதான் பேசுகிறது; ஒன்று ஆம், மற்றது இல்லை. மெல்லெழுத்துகள் மூக்குக் காற்றால் இசை பெறுகின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லிவைத்தது இலக்கணம் மட்டும் இல்லை, திண்ணை நடைமுறையும் கூட. தும்மலுக்கு வள்ளுவரே சாட்சி. புலவி நுணுக்கத்தில் கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயோடு யாரை நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். தும்மலை அடக்கினால் எதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். ஒரு தும்மலுக்கு இத்தனை வழக்கு. இவற்றில் எதற்காவது இன்றுவரை இங்கிலீஷ் சொல் தேவைப்பட்டிருக்கிறதா? யாரும் ‘எனக்கு ஸ்னீசிங் இருக்கு’ என்று வீட்டில் சொல்வதில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்தவர் விடுவது குறட்டைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆங்கிலக்காரர் மூக்குக்கு வைத்த பெயர்களிலும் ஒரு குடும்பம் உண்டு. ஸ்னீஸ் என்றால் தும்மல், ஸ்நோர் குறட்டை, ஸ்நிஃப் மோப்பம், ஸ்நார்ட் குதிரை விடும் மூக்குச் சீற்றம், ஸ்நவுட் பன்றி மூஞ்சி, ஸ்நாட் மூக்குச்சளி. ‘ஸ்ந’ என்று தொடங்கினாலே மூக்கு வந்துவிடும். சுவாரசியம் என்னவென்றால், இவற்றில் சில பிறக்கும்போது இந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் தும்முவதற்கு வினை ‘ஃப்ந’ என்று தொடங்கியது. கவி சாசர் காலம்வரை அந்த உருவம் இருந்தது. பிறகு அந்த எழுத்துக்கூட்டே வழக்கொழிந்தது. அக்கால எழுத்தில் எஃப்பும் நீண்ட எஸ்ஸும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் படித்தவர்கள் மாற்றிப் படித்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எப்படி வந்தாலும், வந்தது நிலைத்ததற்குக் காரணம் அங்கே ஏற்கெனவே மூக்குச் சொற்கள் கூட்டமாகக் காத்திருந்ததுதான். இப்படிச் சொற்கள் சத்தத்தால் ஒன்று கூடி ஒரே பொருளின் பக்கம் சாய்வதற்கு 1930-ல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணத்துக்கு 1934-ல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதிக்கொடுத்தவரும் அவரே. மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல், முனகல், முக்கல் என்று தமிழ் மூக்கு மகரத்தில் கூடியிருப்பதை அவர் கவனித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். வீஸ் என்ற சொல்லோ இந்த மூக்குக் குடும்பத்தில் சேராதது. வடக்கே ஸ்காண்டிநேவிய மொழியில் பாம்புபோலச் சீறுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத் தாய்க்கு அது வெறும் வீட்டுச் சொல், நம் இரைப்பு போல. அதில் மறைப்பதற்கும் ஒன்றுமில்லை, மங்கலமும் இல்லை.

அப்படியானால் ஆங்கில மருத்துவம் இந்த விஷயத்தில் வெளிப்படையாகப் பேசியதா? இல்லை, அங்கேயும் இதே கூச்சம், நம்மைவிட முன்னாலேயே. 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி அதன் வழியே கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மூன்று வருஷம் கேட்டதையெல்லாம் வகைபிரித்து 1819-ல் பெரிய நூலாக வெளியிட்டார். நோய்ப்பட்ட நுரையீரல் எழுப்பும் சத்தங்களுக்கெல்லாம் அவர் வைத்த பொதுப்பெயர் ரால். பிரெஞ்சில் அது சாகக்கிடப்பவரின் தொண்டையில் கரகரக்கும் கடைசிச் சத்தத்துக்கும் பெயர். நம் ‘இழுத்துக்கினு கீது’ எதுவோ, அதுவே. படுக்கையருகே நின்று மாணவர்களிடம் இவருக்கு ரால் இருக்கிறது என்றால், கேட்ட நோயாளி தன் கதை முடிந்தது என்று வெலவெலத்துப்போவார். ஆகவே நோயாளி காதுபடப் பேசும்போது லென்னெக் ராங்கஸ் என்ற சொல்லுக்கு மாறினார். கிரேக்கத்தில் அதன் பொருள் குறட்டை. லத்தீன் வழியாக வந்தது. சாவுச் சத்தத்தை எடுத்துவிட்டுத் தூங்கும் சத்தத்தை வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்று சொன்ன நம் உரைகாரர்கள் இதைக் கேட்டால் எழுந்து நின்று கைகூப்பியிருப்பார்கள்! ஒரே சொல், டாக்டர்களுக்குள் குழூஉக்குறி, நோயாளிக்கு மங்கலம். 1821-ல் ஜான் ஃபோர்ப்ஸ் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது இரண்டு பெயர்களும் ஆங்கில மருத்துவத்துக்குள் வந்தன. இரண்டும் ஒரே பொருளுக்கு என்பது மறந்துபோய், இது வேறு அது வேறு என்று பிரித்துப் பாடம் நடத்தியவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து, கொரகொரப்புக்கு ஒன்று, விசில் சத்தத்துக்கு ஒன்று என்று சுருக்கப் பார்த்த அமெரிக்க மார்புநோய் மருத்துவர்களின் முயற்சி 1970களில்தான் வந்தது. விசில் சத்தத்துக்கு அவர்கள் தேர்ந்த பெயர் வீஸ்.

சென்னைக்கு இந்தப் பெயர்கள் வந்து இறங்கிய வாசல் ராயபுரத்துப் பக்கம்தான் இருக்கிறது. ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் பிறகு வைத்தியசாலையாகி, மருத்துவப் பள்ளியாகி, 1938-ல் ஆளுநர் ஸ்டான்லி பெயரில் மருத்துவக் கல்லூரியானது. வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பெயரில் கஞ்சி இருந்தாலும் பாடம் இங்கிலீஷில். வேறு மாதிரி நடந்திருக்க முடியாது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1850களிலேயே உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்று தமிழில் அச்சிட்டு, பிறகு தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அந்த வழி தொடர்ந்திருந்தால், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் இன்று தமிழ்ப் பெயர் இருந்திருக்கும். ‘உலர் இரைப்பு, ஈர இரைப்பு’ என்று ஹவுஸ் சர்ஜன்கள் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் நடந்தது வேறு. 1862-ல் இங்கே வின்ஸ்லோவின் பெரிய தமிழ் ஆங்கில அகராதி அச்சானது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முடிந்தது. இரண்டிலும் இரைப்பும் இழுப்பும் ஈளையும் இருக்கின்றன. இரண்டுக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த வார்டுகளுக்குள் அவை போகவில்லை. அகராதி ஒரு ஊரில் இருந்தது, ஆஸ்பத்திரி இன்னொரு ஊரில் இருந்தது போல. நடுவில் ஓ.பி. சீட்டு. டாக்டர் அதில் எழுதியதை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல, அதைக் கேட்ட அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஆனால் சீட்டில் இருந்த எல்லாமா வீட்டுக்குப் போயிற்று? ராங்கை, கிரெப்ஸ், டிஸ்ப்னியா என்று எத்தனையோ இருந்தன. போனது எது, ஏன் போனது என்பதற்கு இந்த வட்டாரத்தின் நோய்ப் பெயர்களையே பார்க்கலாம். பெரியம்மை காலத்தில் தண்டையார்பேட்டையில் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறது, அம்மா இறங்கிவிட்டாள் என்றார்கள். தொற்றுநோய் ஆஸ்பத்திரி அதே தெருக்களின் நடுவில் இருந்தும், வேப்பிலை வாசலில் தொங்கியபடி இருந்தது. மங்கல வழக்கு அப்போது சாமியிடம் கடன் வாங்கியது. காசநோய் வந்தபோது கடன் இங்கிலீஷுக்கு மாறியது. காசம், சயரோகம் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டார்கள், டி.பி. என்றால் இரண்டு எழுத்து. அதுவும் சீக்கிரமே கறை படிந்துவிட்டது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுக்கும் மருந்தும் குடிசை வீட்டில் இருந்தபடி சாப்பிடும் மருந்தும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. சொல்லுக்கு அது என்ன செய்தது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஊகிப்பது இது. நோயாளி தாம்பரம் சானடோரியத்துக்குப் போய்விட்டால் தெருவில் பெயரே சொல்ல வேண்டாம், ‘தாம்பரத்துல இருக்காரு’ போதும். நோயாளி வீட்டிலேயே இருந்தால் அண்டை வீட்டுக்குத் தினமும் ஏதாவது சொல்லியாக வேண்டும். அப்போது சீட்டிலிருந்து மிருதுவான ஒரு சொல் வேண்டும். குழந்தைகளுக்கு வரும் காசநோய்த் தொற்றைப் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று டாக்டர்கள் சொல்ல, அது டி.பி. என்றே தெரியாமல் ஆறு மாதம் மருந்து கொடுத்து முடித்த பெற்றோர் தமிழ்நாடு முழுக்க உண்டு. வீசிங் நுழைந்த கதவு இதுதான். ஆஸ்துமா என்றால் ஆயுளுக்கும் இருப்பது, கல்யாணத்தில் கேட்பார்கள், கப்பல் வேலைக்கு மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள். வீசிங் என்றால் வந்தது, போகும்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். மங்கலமாவது மண்ணாங்கட்டியாவது, இங்கிலீஷ் மோகம், அவ்வளவுதான். காய்ச்சல் ஃபீவர் ஆகவில்லையா, சளி கோல்டு ஆகவில்லையா? ஆயின. ஆனால் அவை போட்டிச் சொற்கள் இல்லை. ஒரே அம்மா ஒரே மூச்சில் ‘காய்ச்சல் அடிக்குது, ஃபீவர் நூத்தி ரெண்டு’ என்பார். ‘காய்ச்சல் இல்ல, ஃபீவர்தான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? வீசிங் மட்டும் மறுப்போடு வருகிறது. முன்னால் மனதில் வைக்கச் சொன்ன தும்மலும் குறட்டையும் இங்கே உதவும். மோகம்தான் காரணம் என்றால் அவையும் இங்கிலீஷுக்கு மாறியிருக்க வேண்டும். அவற்றில் அச்சமில்லை, ஆகவே மாறவில்லை. ‘ஸ்ந’ நம் வாயில் நுழையாது, வீசிங் எளிதாக நுழைந்தது என்று மொழியியல்காரர் குறுக்கிடலாம். ஸ்நாக்ஸ் எப்படி நுழைந்தது? இருந்தாலும் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. வீசிங் என்றதும் தமிழ்க் காதில் காற்று வீசுகிறது; மீன் வீச்சம் வீசும் தெருவில் அது அந்நியமாகப் படாது. வேர்த் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் ஃபர்த் சொன்ன மாதிரி சத்தங்கள் கூட்டாளி தேடும். இன்னோர் ஆட்சேபம் இன்னும் வலுவானது: கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும்கூட வீசிங் என்றுதான் சொல்கிறார்கள், பிறகு வட சென்னையை ஏன் இழுக்கிறீர்கள்? ஒப்புக்கொள்கிறேன். சொல் இங்கே பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

புகை இந்தப் பகுதிக்குப் பெருமையாகத்தான் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. நாம் அதற்குப் புகைவண்டி என்று பெயர் வைத்தோம். வண்டி விடும் புகையே அதன் அடையாளம், அதன் அந்தஸ்து. துணி ஆலைகள் வந்தபோது ஷிப்ட் மாறும் சத்தத்துக்குச் சங்கு என்று பேர். ஆலையும் மூச்சுவிட்டு ஊதியது. மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அடுத்து உர ஆலை, எண்ணூரில் 1970-ல் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் 1990களில் இன்னொன்று. நிலக்கரி துறைமுகத்தில் இறங்கி, லாரியிலும் ரயிலிலும் போனது. காற்றடித்த நாளில் ராயபுரம் மாடிகளில் காயப்போட்ட வேட்டி கறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2011-ல் நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலிருந்து அகற்றப்பட்டது. அகற்றி எங்கே போனது? மின்சார வாரியத்தின் நிலக்கரிக்கென்றே 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ராயபுரம் வேட்டி வெளுத்தது, பதினெட்டு கிலோமீட்டர் வடக்கே இன்னொருவர் வேட்டி கறுத்தது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பல் அப்படியே கிடக்கிறது, காய்ந்தால் பறக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் ஓர் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு வீச்சத்தில் மாணவிகள் மயங்கினார்கள்.

இந்த இரண்டு நாட்களிலும் பத்திரிகைகள் எழுதிய சொல்லைக் கவனியுங்கள்: மூச்சுத்திணறல். வீசிங் இல்லை. திணறல் என்றால் வெளியே ஏதோ ஒன்று திணறடிக்கிறது. வாக்கியத்தில் எழுவாய் இல்லாவிட்டாலும் குற்றவாளிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. வினைச் சொற்கள் எல்லாமே இப்படித்தான். மூச்சு முட்டுது, வாங்குது, இரைக்குது, இழுக்குது என்றால் இப்போது நடக்கிறது; நடப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று கேட்பவர் மனம் தேடும். வீசிங்குக்கு வினை கிடையாது. ‘வீசிங் இருக்கு’ என்கிறோம், ‘சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு’ மாதிரி. இருப்பது என்றால் அது உடம்பின் சொத்து. பரம்பரை, சளி உடம்பு, ஐஸ்கிரீம் சாப்பிட்டது என்று காரணம் வீட்டுக்குள்ளேயே சுற்றும். கசிவு நடந்த நாளில் திணறல், மற்ற நாட்களில் எல்லாம் வீசிங். ஒன்று செய்தி, மற்றது சங்கதி. பழைய இழுப்பிலும் புகையின் பெயர் இல்லையே என்று கேட்டால், உண்மைதான், இல்லை. ஆனால் இழுப்பு ஏதோ கஷ்டம் நடக்கிறது என்றாவது சொன்னது.

மங்கல வழக்கை மெச்சிவிட்டு அதன் கேட்டை மறைப்பது நியாயமில்லை. லென்னெக்கின் ராங்கஸ் நோயாளியின் ராத்தூக்கத்தைக் காப்பாற்றியது, டாக்டர்களை நூறு வருஷத்துக்கு மேல் குழப்பியது. வீசிங்கும் அப்படித்தான். அது வந்து போகும் சத்தம் என்று நம்பிய வீட்டில் மூச்சு இரைக்கும்போது நெபுலைசர் வைத்து, நின்றதும் இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிடுவார்கள். தினமும் உறிஞ்சினால் பழகிப்போகும் என்ற பயம் வேறு. ஆஸ்துமா என்று சொல்லியிருந்தால் மருந்தை விடாமல் எடுத்திருப்பார்கள் என்று மார்புநோய் மருத்துவர்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதற்காகத் தாயைத் திட்டிப் பயனில்லை. டாக்டரே தயங்கித்தான் அந்தச் சொல்லைக் கொடுத்தார். கொடுத்தபோது அவர் பாரிஸில் படுக்கையருகே நின்றவரின் வேலையைத்தான் செய்தார். பெயரை மாற்றினால் பயம் குறையும், ஆனால் பயத்துக்கு நினைவு அதிகம், மெல்ல அது புதுப்பெயரையும் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். காசம் டி.பி. ஆனது, டி.பி. பிரைமரி காம்ப்ளெக்ஸ் ஆனது. வீசிங்குக்கும் அந்த நேரம் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் ‘பையனுக்கு வீசிங் இருக்காமே’ என்று மூன்றாம் மனிதர் காதில் ஓதத் தொடங்கிவிட்டார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் இப்போது புழங்கும் வாக்கியம் இது: “வீசிங்லாம் இல்ல, டஸ்ட் அலர்ஜிதான்.” நோய்ப் பெயருக்குள் முதல் தடவையாகத் தூசி வந்துவிட்டது, அதுவும் நல்ல இங்கிலீஷில். தூசியை யார் போட்டார் என்ற கேள்வி மட்டும் இன்னும் வரவில்லை. ஒத்துக்கொள்ளாத நெஞ்சின் மேல்தான் இப்போதும் பழி.